ஓட்டைத் தகட்டு வேலி

கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு காலி மனை இருக்கிறது. அரை கிரவுண்டு தேறும். அதற்கு மதில் கிடையாது. ஓட்டை ஓட்டையாக இருக்கிற இரும்புத் தகடுகளை வரிசையாக நிறுத்திச் சவுக்குக் கம்புகளில் கட்டுக்கம்பியால் முறுக்கியிருக்கிறார்கள். சென்னையின் தெற்கே குடியிருப்பவர்களுக்கு இந்தத் தகடு புதிதல்ல. பிரஸ் போட்டுப் பாகங்களைத் தட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற கூடு அது. எடைபோட்டு வாங்கிவந்து கோழிக்கூண்டுக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் மொட்டைமாடித் தடுப்புக்கும் வைத்துக்கொள்வார்கள். கிண்டியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ திருமுடிவாக்கத்திலிருந்தோ வந்திருக்கும்.

பால் வாங்கப் போகிற வழியில் தினமும் அந்த வேலியைப் படிக்கிறேன். படிக்கிறேன் என்றுதான் சொல்லவேண்டும். முதல் தகட்டில் வட்ட ஓட்டைகள். ஒரு வரிசையின் இரண்டு வட்டங்களுக்கு இடையில் அடுத்த வரிசையின் வட்டம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, தேன்கூட்டில் அறைகள் அமர்வதைப் போல. வட்டங்களை நேர்வரிசையில் வைத்தால் தகட்டில் 78.5 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. இப்படி இறக்கி வைத்தால் 90.7 வரை போகலாம். இரண்டாவது தகட்டில் சாவி போன்ற ஒரு வடிவம், ஒன்றின் தலைக்குப் பக்கத்தில் இன்னொன்றின் வால். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நான்காவது தகட்டில் ஓட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு சும்மா நிற்கிறது. அதைப் பார்க்கிறபோது எனக்கு மனசு கேட்பதில்லை.

காரணம், என் பிழைப்பே இதுதான். கப்பலுக்கான இரும்புப் பலகைகளில் பாகங்களை அடுக்குகிற வேலை. நெஸ்டிங் என்பார்கள். கூடு என்று பொருள்படுகிற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். துரைப்பாக்கம் பக்கம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் கண்ணால் பார்க்கப்போகாத கப்பல்களுக்கு இருபது வருஷமாக இதைச் செய்துவருகிறேன். கப்பல் கட்டும் தளம் எங்கோ இருக்கும், வரைபடம் இங்கே தயாராகும். சென்னையில் இந்த மாதிரி அலுவலகங்கள் பல உண்டு. கடலே தெரியாத மாடிகளில் கப்பலின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகப் பெயர் பெறுகின்றன.

திரையில் முதலில் ஒரு வெற்றுப் பிளேட் வரும். 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 2,355 கிலோ. ஒரு நல்ல யானைக்கன்றின் எடைக்கும் மேலே. இதன் மேல் பெரிய பாகங்களை முதலில் வைப்போம், அடித்தளத்தின் குறுக்குத் தகடுகள், தடுப்புச் சுவர்களின் துண்டுகள். பரணில் அண்டாவை முதலில் ஏற்றிவிட்டு, இடுக்கில் சொம்பையும் தம்ளரையும் செருகுகிற அதே முறை. பிறகு நடுத்தரமானவை. கடைசியில் பிராக்கெட்டுகள். பிராக்கெட் என்பது பெரும்பாலும் முக்கோணம். இரண்டு தகடுகள் சந்திக்கிற மூலையில் முட்டுக்கொடுக்கிற துண்டு. ஒரு முக்கோணத்தைத் திருப்பி இன்னொன்றுக்கு எதிராக வைத்தால் சதுரமாகிவிடும். கப்பலின் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு அதன் கண்ணாடிப் பிம்பம் என்று பெரும்பாலான பாகங்கள் ஜோடியாகவே வருவதால் இந்தத் திருப்பல் நிறைய உதவும்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கப்பலின் அடித்தளம் இரட்டை அடுக்கு. அதற்குள் ஆள் தவழ்ந்து போவதற்காகக் குறுக்குத் தகடுகளில் நீள்வட்ட வழி வெட்டுவார்கள், 600க்கு 400 மில்லிமீட்டர் அளவில். அந்த வழியிலிருந்து விழுகிற துண்டு ஏறக்குறைய 15 கிலோ இரும்பு. அதை அப்படியே குப்பையில் போடலாம். அல்லது விழப்போகிற அந்த நீள்வட்டத்துக்குள்ளேயே 300 மில்லிமீட்டர் பிராக்கெட்டுகள் இரண்டை எதிரெதிராகப் படுக்கவைக்கலாம். சுற்றிலும் இடம் விட்டு அளவாக உட்கார்ந்துகொள்ளும். ஆள் போவதற்கு விட்ட வெறுமையிலிருந்து அதே கப்பலுக்கு இரண்டு முட்டுகள். முதன்முதலாக அப்படிப் பொருந்தியதைப் பார்த்த சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காகிதத்தில் வரைந்து காட்டினேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “மாவு உருட்டி வட்டமா வெட்டினப்புறம் ஓரத்தைத் திரட்டி மறுபடி உருட்டுவோமே, அந்த மாதிரியா?” என்றாள். ஏறக்குறைய அந்த மாதிரிதான். ஆனால் இரும்பைத் திரட்டி உருட்ட உலைக்குத்தான் போகவேண்டும்.

இந்த வேலை கணினிக்கு முன்னாலும் இருந்தது. தளத்தில் ஒரு பெரிய மாடி, அதன் மரத்தரையில் கப்பலின் கோடுகளை முழு அளவில் வரைவார்கள். மோல்டு லாஃப்ட் என்று பெயர். அந்தக் கோடுகளிலிருந்து மெல்லிய பலகையில் வார்ப்புருக்கள் செய்து, அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய் இரும்பின் மேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு போடுவார்கள். பிறகு பத்தில் ஒரு பங்கு அளவில் துல்லியமாக வரைந்து, ஒளியால் கோட்டைத் தொடர்கிற கண் அதைப் பின்பற்ற, எரிவாயு வெட்டி நகர்கிற காலம் வந்தது. 1960களில் நார்வேக்காரர்கள் எண்களைக் கொண்டே வெட்டியை நகர்த்தும் முறையைக் கப்பல் தளங்களுக்குப் பழக்கினார்கள். மரத்தரை காணாமல் போயிற்று. அந்த மாடியில் முட்டிபோட்டு வேலை பார்த்தவர்களின் கண் மட்டும் போகவில்லை என்று நினைக்கிறேன். மென்பொருள் தானாக அடுக்கித் தந்ததைக் கண் ஒருமுறை பார்த்து, “இதைக் கொஞ்சம் சாய்த்தால்?” என்று கேட்காமல் இன்றைக்கும் பிளேட் வெட்டுக்குப் போவதில்லை.

இன்னும் பின்னால் போனால் நம் கரையோரத் தோணி ஆசாரிகள் இருக்கிறார்கள். தோணியின் விலா எலும்புக்கு வங்கு என்று பெயர், அடிக்கட்டைக்கு ஏரா. வங்குக்கு நேரான மரத்தை வாங்கி வளைவாகச் செதுக்கினால் பாதி மரம் சீவலாகப் போய்விடும், நார் அறுபட்டுப் பலமும் போய்விடும். அதனால் வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடுவார்கள். மரம் நிற்கும்போதே அதில் வங்கு தெரியவேண்டும். நான் பிளேட்டுக்குள் பாகத்தைத் தேடுகிறேன், அவர்கள் தோப்புக்குள் தேடினார்கள். கட்டுமரத்துக்கு அதுகூடத் தேவையில்லை. கட்டைகளைச் சேர்த்துக் கயிறு போட்டால் முடிந்தது. பெயரிலேயே கட்டுவதுதான் இருக்கிறது, வெட்டுவது இல்லை.

தாம்பரம் வட்டாரத்தில் இந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள் கப்பல்காரர்களைவிட வேறு இரண்டு தொழில்களில்தான் அதிகம். ஒன்று தோல். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. நாகல்கேணியில் இன்றும் தோல் வாசனை இருக்கிறது. இரும்புப் பிளேட் செவ்வகம், எல்லாப் பக்கமும் ஒரே குணம். தோலில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. கழுத்துப் பக்கம் ஒரு கனம், வயிற்றுப் பக்கம் ஒரு நெகிழ்ச்சி, நடுவில் முள் கிழித்த வடு. வெட்டுகிறவர் வடுவைச் சுற்றி அச்சை நகர்த்தி, கண்ணுக்குப் படுகிற பாகத்தை முதுகிலிருந்தும் படாத பாகத்தை ஓரத்திலிருந்தும் எடுப்பார். அவருக்கு ஒவ்வொரு தோலும் புதுக் கணக்கு. எனக்கு அந்தத் திறமை இல்லை.

இன்னொன்று தையல். கீழ்க்கட்டளையில் இருக்கிற என் அத்தை மெப்ஸ் வளாகத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்தவர். தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய அந்த ஏற்றுமதி வளாகத்துக்குள் காலை ஏழரைக்கு அலையலையாகப் போகிற பெண்களில் ஒருவர். அங்கே நூறு அடுக்குத் துணியை மேஜையில் விரித்து, மேலே மார்க்கர் தாளைப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுவார்கள். மார்க்கரில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் நூறு அடுக்குக்கு ஒரு மீட்டர் மிச்சம். சட்டையின் கழுத்து வளைவுக்குள் பட்டியைச் செருகுவதும் நீள்வட்டத்துக்குள் பிராக்கெட்டைச் செருகுவதும் ஒரே யோசனை. ஓய்வு பெற்ற பிறகு அத்தை வீட்டில் ரவிக்கை தைக்கிறார். எண்பது சென்டிமீட்டர் பிட்டில் கை நீளமாக வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுக்கமாட்டார். துணியை நெடுக்கு குறுக்காகப் புரட்டிப் பார்ப்பார்.

“துணி பத்தலைன்னா ஒட்டுப் போட்டுக்கலாம்டா” என்று ஒருமுறை சொன்னார். “ஆனா ஒட்டு எங்க விழுதுன்னு பாத்துக்கணும். அக்குள்ல விழுந்தா யாருக்கும் தெரியாது, ஆனா அங்கதான் இழுவை ஜாஸ்தி. தோள்ல விழுந்தா நாலு பேரு பாப்பாங்க. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கும்.”

கப்பலிலும் அதே பேச்சுதான். இரண்டு மிச்சத் துண்டுகளைச் சேர்த்து வெல்டு செய்து ஒரு பெரிய பாகம் ஆக்கலாம். ஆனால் அந்த வெல்டு இழுவை மிகுந்த இடத்தில் விழக்கூடாது. வெல்டுக்கு ஆள், மின்சாரம், குச்சி, அதற்குப் பிறகு சோதனை என்று செலவு கூடிக்கொண்டே போகும். மிச்சப்பட்ட இரும்பின் விலையைவிட ஒட்டின் விலை அதிகமாகிற ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மென்பொருள் காட்டாது. அத்தை மாதிரி யாராவது சொல்லவேண்டும்.

இந்தச் சிக்கலைக் கணிதமாக்கிய முதல் மனிதர்களில் ஒருவர் லெனின்கிராடின் லியோனித் கன்டரோவிச். ஒட்டுப்பலகை ஆலைக்காரர்கள் தங்கள் இயந்திரங்களுக்கு வேலையைப் பகிர்வது எப்படி என்று அவரிடம் கேட்டு வந்தார்கள். 1939இல் அவர் எழுதிய சிறிய நூலில் அந்தக் கேள்வியோடு, பொருளை வெட்டும்போது கழிவைக் குறைப்பது எப்படி என்கிற கேள்வியும் இடம்பெற்றது. பின்னாளில் நேரியல் திட்டமிடல் என்று உலகம் அழைத்த துறையின் விதை அது. 1975இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. 1961இல் கில்மோர், கொமோரி என்ற இருவர், கணினியில் செய்யக்கூடிய விதமாக வெட்டுக் கணக்குக்கு ஒரு வழி கண்டார்கள். என்றாலும், கோணல் வடிவங்களை ஒரு தகட்டில் அடுக்கும் எல்லா வழிகளையும் சோதித்து, இதுதான் மிகச் சிறந்தது என்று சொல்ல இன்றைய கணினிக்கும் முடியாது. பாகங்கள் சில டஜனைத் தாண்டினாலே வழிகளின் எண்ணிக்கை கைமீறிவிடும். நல்லதைக் கண்டுபிடிக்கலாம், ஆகச் சிறந்ததை அல்ல. அந்த இடைவெளியில்தான் என் சம்பளம் இருக்கிறது.

கன்டரோவிச்சைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். 1940களின் இறுதியில் லெனின்கிராடின் ரயில்பெட்டித் தொழிற்சாலை ஒன்று அவருடைய முறையைக் கடைப்பிடித்து வெட்டுக் கழிவை வெகுவாகக் குறைத்ததாம். ஆனால் அந்தத் தொழிற்சாலை வருஷத்துக்கு இவ்வளவு டன் பழைய இரும்பை உருக்காலைக்கு அனுப்பவேண்டும் என்று மேலே இருந்து திட்டம் இருந்தது. கழிவே இல்லாததால் அந்த இலக்கு தவறிப்போய், மேலாளர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்றாம். இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மிச்சத்தை யார் எதற்காக எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே துண்டு நஷ்டமாகவும் கடமையாகவும் மாறிவிடுகிறது.

எனக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு பிளேட்டின் அடியிலும் திரையில் தெரியும், பயன்பட்ட சதவீதம். 10,000 டன் இரும்பு போகிற கப்பலில் அந்த எண் ஒரு சதவீதம் ஏறினால் 100 டன், முன்னே சொன்ன அளவில் 42 பிளேட். அதனால் அந்த எண்ணைத் தப்பாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அதை நம்பி நான் ஒரு பெரிய பிழை செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். ஒரு தளத்துக்காகச் செய்துகொண்டிருந்த கப்பலில், பின்பகுதி பிளாக்கின், அதாவது தனியாகக் கட்டிப் பிறகு பொருத்துகிற பெருந்துண்டின், பிளேட் ஒன்றில் கணிசமான இடம் காலியாகக் கிடந்தது. அந்தப் பிளாக்கில் சிறு பாகங்கள் தீர்ந்துவிட்டன. ஆறு வாரம் கழித்து வெட்டவேண்டிய முன்பகுதி பிளாக்கின் பிராக்கெட்டுகளும் சிறு தகடுகளும் அதே கனம், அதே தரம். முப்பதுக்கும் மேற்பட்ட பாகங்களை இழுத்துவந்து அந்தக் காலியிடத்தில் பொருத்தினேன். சதவீதம் என் வாழ்நாளில் காணாத உயரத்துக்குப் போயிற்று. பெருமையாக அனுப்பிவைத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வெட்டப்பட்ட அந்தச் சிறு பாகங்கள் அந்த நேரத்தில் யாருக்கும் வேண்டாதவையாக இருந்ததால் ஒரு தட்டில் போட்டு ஓரமாக வைத்திருக்கிறார்கள். தட்டு இடம் மாறியிருக்கிறது, மழையில் எழுத்து மங்கியிருக்கிறது. தேவைப்பட்ட நாளில் பாதிக்கு மேல் அகப்படவில்லை. வெல்டர்கள் காத்திருக்க, புதுப் பிளேட் ஒன்றில் அவசரமாக மறுபடி வெட்டினார்கள். அவசரத்தில் யாரும் அடுக்கிப் பார்க்கவில்லை, அந்தப் பிளேட்டில் பெரும்பகுதி வீண். என் திரையில் மிச்சமானது அவர்கள் முற்றத்தில் இருமடங்காகக் கழிந்தது. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகுதான் தளத்தில் வேலை பார்த்த மூத்தவர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தேன். பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவில் ஏன் இடம் விடுகிறோம் என்பதையே அப்போதுதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். பிளாஸ்மா சுடர் வெட்டுகிறபோது சில மில்லிமீட்டர் இரும்பு உருகிப் போகிறது, அது ஒரு கணக்கு. ஆனால் அதைவிட முக்கியம் சூடு. நெருக்கி அடுக்கினால் சூடு போக வழியில்லாமல் தகடு நெளியும். வெட்டி முடிந்த துண்டு ஒரு முனையில் தூக்கிக்கொண்டு நிற்க, அடுத்து வருகிற வெட்டித் தலை அதில் இடிக்கும். அதனால்தான் உள்ளே இருக்கிற ஓட்டையை முதலில், வெளிக்கோட்டைப் பிறகு வெட்டுகிறோம். துண்டு முழுசாக விலகிவிடாமல் ஒரு சிறு பாலத்தை வெட்டாமல் விட்டு, கடைசியில் துண்டிக்கிறோம். எங்கள் பேச்சில் அந்த இடைவெளிக்குத் தனிப் பெயரில்லை, ‘கேப்’ என்றுதான் சொல்வோம். திரையில் அது கழிவின் பக்கம் கூட்டப்படுகிறது. அது இல்லாவிட்டால் பாகமே சரியான பாகமாக வராது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஒரு பிளேட் உருக்காலையிலிருந்து வரும்போது அதன் மூலையில் எண்கள் அடித்திருக்கும். ஹீட் நம்பர் என்பது எந்த உலையில் எந்த உருக்கலில் பிறந்தது என்கிற ஜாதகம். கூடவே தரம். சாதாரணக் கப்பல் இரும்பிலேயே ஏ, பி, டி, இ என்று நான்கு வகை. பி வகையைச் சுழியம் டிகிரியில் அடித்துச் சோதிப்பார்கள், டி வகையைச் சுழியத்துக்குக் கீழே இருபதில், இ வகையை நாற்பதில். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. தட்டிப் பார்த்தாலும் ஒரே சத்தம். வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாம் உலகப்போர்க் காலம் சாட்சி. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஸ்கெனெக்டடி என்கிற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், கரையோரம் அமைதியான நீரில் கட்டிநின்றபோதே நடுவில் பிளந்தது. குளிரில் கண்ணாடி மாதிரி உடைகிற இரும்பு, வெல்டில் இருந்த குறை, எல்லாம் சேர்ந்து. அதே போருக்காக அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் சிலவும் அப்படி உடைந்தன. அந்தப் பாடங்களிலிருந்துதான் இன்றைய தரங்கள் உருவாயின. 1975இல் தொடங்கிய நம் இந்தியக் கப்பல் பதிவகத்தின் ஆய்வாளரும் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

இப்போது வெட்டு முடிந்தது. பிளேட்டின் ஓரத்தில் மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் ஒரு நல்ல துண்டு மிஞ்சியிருக்கிறது. அடுத்த வாரம் இருபது பிராக்கெட்டுக்கு ஆகும். ஆனால் ஜாதகம் இருந்த மூலை இன்னொரு பாகத்தோடு போய்விட்டது. வெட்டுவதற்கு முன்னாலேயே ஒருவர் பெயின்ட் குச்சியையும் எண் அச்சையும் எடுத்துவந்து, ஆய்வாளர் பார்த்திருக்க, அந்த எண்ணை மிச்சத் துண்டின் மேல் பதித்திருக்கவேண்டும். பதித்திருந்தால் அது பிளேட். பதிக்காவிட்டால் எவ்வளவு நல்ல இரும்பானாலும் கப்பலுக்குள் போக முடியாது, பழைய இரும்புக் குவியலுக்குத்தான். இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்தில் மூன்று சதுர மீட்டர், 235 கிலோ, உயிரோடு இருப்பதா இல்லையா என்பது முடிவாகிறது. வடிவத்தால் வீணாகிற இரும்பைப் பற்றி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இருக்கின்றன. எண் எழுதாததால் வீணாகிற இரும்பைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சில இரும்புகளில் இது இன்னும் கனமாகிறது. கொச்சியில் கட்டிய விக்ராந்துக்கு வேண்டிய போர்க்கப்பல் இரும்பு வெளியிலிருந்து கிடைக்காமல் போனபோது, ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் டிஎம்ஆர் 249 என்கிற உலோகக் கலவையை உருவாக்கியது. செயில் நிறுவனத்தின் பிலாய், பொக்காரோ, ரூர்கேலா ஆலைகள் 30,000 டன் அளவுக்கு உருக்கித் தந்தன. 2009இல் அடிக்கட்டை இட்டு, 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த கப்பல் அது. அப்படிப் பிறந்த பிளேட்டின் மிச்சத்தைப் பழைய இரும்பின் விலையில் எப்படி மதிப்பிடுவது? நம் எண்ணூருக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளியிலும் கப்பல் தளம் இருக்கிறது. 2015இல் ஒப்பந்தமான ஏழு கடலோரக் காவல் ரோந்துக் கப்பல்களை எல் அண்டு டி அங்கிருந்து கட்டித் தந்தது. விக்ரம் 2018இலும் ஏழாவதான விக்ரஹா 2021இலும் சேவையில் சேர்ந்தன. ஒரே வடிவத்தில் ஏழு கப்பல்கள் என்று கேட்டால் என் மாதிரி ஆட்களுக்கு உடனே தோன்றுவது இதுதான்: முதல் கப்பலில் மிஞ்சுகிற துண்டுக்கு இரண்டாவதில் இடம் கட்டாயம் உண்டு, எண் மட்டும் இருந்தால்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு 200 அடிச் சாலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் ஊரும் எனக்கு ஒரு பிளேட்டாகவே தெரிகிறது. வயலும் ஏரியும் தாங்கலுமாக இருந்த இடத்தை முப்பதுக்கு நாற்பது, இருபதுக்கு அறுபது என்று மனைகளாக அடுக்கியிருக்கிறார்கள். லேஅவுட் வரைபடம் எங்கள் நெஸ்டிங் படத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி. சாலை வளைகிற இடத்தில் முக்கோணமாக மிஞ்சியதை மலிவு விலைக்கு விற்பதுகூட அப்படியே. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்று விதி. கேப் விடு என்று சொல்கிற விதி.

அதற்கு முன்பே நம் ஊர்களில் கேப் இருந்தது. அதற்குப் பெயர் புறம்போக்கு. வரிக்கணக்குக்கு வெளியே நின்ற நிலம் என்றுதான் பொருள். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு என்று ஒவ்வொன்றுக்கும் வேலை இருந்தது. வரி வராததால் கழிவின் பக்கம் கூட்டப்பட்டது. அந்தச் சொல்லே இன்று தெருவில் வசைச்சொல். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு என்று தண்ணீர் போன பாதை முழுக்க இந்தப் புறம்போக்குகள்தான். 1960களில் ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் இருந்ததாகக் கணக்கிடப்படுகிற அந்தச் சதுப்பில், 2007இல் 317 ஹெக்டேர்தான் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சதுப்புநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் 1,247 ஹெக்டேருக்குப் பெயர் பதிவானது. பெயர் பதிவானதற்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. மிச்சத் துண்டின் மேல் யாரோ எண் அடித்துவிட்டார்கள். பதியாமல் போன வாய்க்கால்களை 2015 டிசம்பரில் தண்ணீர் தானே தேடிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு. மேலே சொன்ன காலி மனையில் அன்றைக்கு இரண்டு மீன்கொத்திகள் உட்கார்ந்திருந்தன.

போன மாதம் அந்த மனையை விற்றுவிட்டார்கள். வீடு கட்டப்போகிறார்கள். சனிக்கிழமை காலை பால் வாங்கிவிட்டு வருகிறேன், வேலியைக் கழற்றிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். மனையைப் பார்த்துக்கொள்கிறவர், பழக்கமானவர். கட்டுக்கம்பியை முறுக்கி எடுத்து, ஒவ்வொரு தகட்டையும் சாய்த்து மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“எங்கண்ணே போவுது இது?”

“நன்மங்கலத்துல இன்னொரு மனை இருக்கு தம்பி. அங்க கட்டணும். இன்னும் பத்து வருசம் தாங்கும்.”

அவர் கையில் ஒரு சாக்கட்டி இருந்தது. கழற்றுவதற்கு முன்னால் தகட்டின் மேல் மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிவிட்டுத்தான் கம்பியில் கை வைத்தார். இது எதற்கு என்று கேட்டேன்.

“ஒண்ணு ஒசரம், ஒண்ணு குட்டை. மேடு பள்ளம் பாத்து வெட்டி நிறுத்தினது. எழுதலைன்னா அங்க போயி எதுக்கு எது ஜோடின்னு ஒரு நாள் பூரா முழிக்கணும்.”

பால் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டு மதில் மேல் வைத்துவிட்டு நான்காவது தகட்டின் ஒரு முனையைப் பிடித்தேன், ஓட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலம் மிஞ்சியிருக்கிறதே, அந்தத் தகட்டை. எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அவர் மறுமுனையைத் தூக்கினார். பனியில் ஈரமாக இருந்ததால் சாக்கட்டி சரியாகப் பிடித்திருக்கவில்லை. வண்டியில் வைத்த பிறகு சட்டை முனையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, நாலு என்று அவர் மறுபடி அழுத்தி எழுதினார்.